கொழுந்தும் புழுவும் குளவியும்

கந்தப்பளையின் மலைச்சரிவுகளில் நின்று நோக்குவோர்க்குத் தேயிலை மிகச் சாதுவான செடியாகவே தோன்றும். பறிப்போர் கைக்கு அது வளைந்து கொடுக்கிறது; கவ்வாத்துக் கத்திக்குத் தலை தாழ்த்துகிறது; கொழுந்தைக் கொடுத்த சில நாட்களில் மீண்டும் துளிர்க்கிறது. ஆயினும் இச்செடி பகலும் இரவும் ஓயாத ஒரு போரில் ஈடுபட்டிருக்கிறது என்றால் பலர் வியப்படைவர். அதன் பகைவர் யானையும் பன்றியும் அல்லர். நம் கண்ணுக்கு அரிதாகவே புலப்படும் புழுக்களும் வண்டுகளுமாம். இப்போர் எவ்வாறு நடக்கிறது? இதில் செடிக்குத் துணை நிற்போர் யாவர்? சுற்றுச்சூழல் மாறிவரும் இந்நாளில் வெற்றி எப்பக்கம் சாயும்? மலைநாட்டில் வாழும் ஒவ்வொரு குடும்பத்தின் அடுப்பும் இவ்வினாக்களோடு தொடர்புடையது. ஆதலின் இவற்றைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

செடியின் படைக்கலங்கள்

விலங்குக்குக் கால் உண்டு. பகைவனைக் கண்டால் ஓடலாம். செடியோ பிறந்த இடத்திலேயே நின்று பொருத வேண்டும். ஆகையால் இயற்கை அதற்கு வேறு வகையான ஆயுதங்களை அருளியிருக்கிறது. தேயிலைக் கொழுந்தை உலர்த்தி நிறுத்தால் அதில் நூற்றுக்கு 2 முதல் 4 பங்கு வரை கஃபீன் என்னும் பொருளும், அதனினும் பன்மடங்கு மிகுதியாகத் துவர்ப்புப் பொருள்களும் இருத்தலைக் காணலாம். இவை மனிதரின் களைப்பை நீக்குவதற்காகத் தோன்றியவை அல்ல. கஃபீன் பல பூச்சிகளுக்கு நஞ்சு. துவர்ப்போ புழுவின் வயிற்றிலே உணவு செரிப்பதைத் தடுப்பது. காலையில் நாம் விரும்பிப் பருகும் தேநீரின் சுவையும் ஊக்கமும், செடி தன் பகைவர்க்கென வடித்து வைத்த ஆயுதங்களின் பயனே ஆகும்.

இம்மட்டோ? புழு கடித்த இலையிலிருந்து காற்றிலே ஒருவகை மணம் பரவுகிறது. அம்மணத்தை மோப்பம் பிடித்து, புழுக்களின் உடலில் முட்டையிடும் சின்னஞ்சிறு குளவிகள் பறந்து வருகின்றன. சீனத்திலும் ஜப்பானிலும் தேயிலையைக் கொண்டு நடத்திய ஆய்வுகள் இதனை உறுதி செய்துள்ளன. வீட்டிலே கள்வன் புகுந்தால் அயலாரை உரத்த குரலில் அழைக்கிறோம் அல்லவா? செடியும் அவ்வாறே, வாய் இன்றி மணத்தினால் அழைக்கிறது என்று கொள்ளலாம்.

தைவான் நாட்டில் 'கீழைத்தேய அழகி' என்ற பெயருடன் விற்கப்படும் விலையுயர்ந்த தேயிலை ஒன்றுண்டு. பச்சைத் தத்துப்பூச்சி கடித்த கொழுந்திலிருந்தே அது தயாராகிறது. கடிபட்ட இலை தன்னைக் காத்துக்கொள்ளச் சுரக்கும் பொருள்கள் தேன் போன்ற நறுமணத்தைத் தருகின்றன. எனவே அத்தோட்டக்காரர்கள் அப்பூச்சியை மருந்தடித்து அழிப்பதில்லை. வருக வருக என்று வரவேற்கிறார்கள்!

பகைவன் கற்ற பாடம்

செடி இத்தனை ஆயுதங்களைத் தாங்கி நிற்கப் பூச்சிகள் பட்டினி கிடந்து மடியவில்லையே, ஏன்? அவையும் காலப்போக்கில் எதிர்வித்தை கற்றுக்கொண்டன என்பதே விடை. 1964ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர்களான ஏர்லிக், ரேவன் என்னும் இருவர் பட்டாம்பூச்சிகளையும் அவை உண்ணும் செடிகளையும் ஒப்புநோக்கி ஒரு கருத்தை வெளியிட்டனர். செடி புதியதொரு நஞ்சைப் படைக்கிறது; பூச்சி அந்நஞ்சை முறிக்கும் வழியைத் தேடுகிறது; செடி மீண்டும் வேறொன்றைப் படைக்கிறது. இவ்வாறு ஒன்றையொன்று துரத்திக்கொண்டே இரண்டும் கோடிக்கணக்கான ஆண்டுகளாக மாறி வந்திருக்கின்றன என்பதே அக்கருத்து.

இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. கந்தப்பளையில் தேயிலையை அடுத்துக் கோவா பயிரிடப்படும் பாத்திகளைப் பாருங்கள். கோவாவும் முள்ளங்கியும் கடுகும் ஓரினத்தைச் சேர்ந்தவை. கடுகை மெல்லும்போது மூக்கில் ஏறும் காரமே அவற்றின் காவற்படை. இலை கடிபட்ட மாத்திரத்தில் இரு பொருள்கள் ஒன்றுகூடி அக்காரத்தை உண்டாக்குகின்றன. பெரும்பாலான பூச்சிகள் அதற்கு அஞ்சி விலகும். ஆனால் முதுகிலே வைரம் போன்ற கோலமுடைய ஒரு சிறு அந்துப்பூச்சியின் புழு, அக்காரம் உண்டாகுமுன்பே அதனை முறிக்கும் நொதியத்தைத் தன் குடலில் வைத்திருக்கிறது. அதுமட்டுமன்று, தாய் அந்துப்பூச்சி அந்தக் கார மணத்தையே வழிகாட்டியாகக் கொண்டு கோவாவைத் தேடிவந்து முட்டையிடுகிறது. பிறரை விரட்டுவதற்காக வைத்த காவலே இப்பகைவனுக்கு அழைப்பிதழாகிவிட்டது!

இயற்கையின் நஞ்சை முறித்தவனுக்கு மனிதனின் நஞ்சு எம்மாத்திரம்? டீ.டீ.ரீ. மருந்துக்கு இவ்வந்துப்பூச்சி சாகாமல் நிற்கிறது என்று 1953ஆம் ஆண்டிலேயே ஜாவாத் தீவிலிருந்து செய்தி வந்தது. அதற்குப் பின் தோன்றிய மருந்துகள் பலவற்றையும் அது ஒவ்வொன்றாக வென்றுவிட்டது.

கோப்பி போயிற்று, தேயிலை வந்தது

காட்டிலே நூறு வகை மரஞ்செடிகள் கலந்து நிற்கும். ஒரு செடியைத் தின்று பெருகிய புழு, அதே இனத்தின் அடுத்த செடியைத் தேடி அலைய வேண்டும். அலையும்போது பறவையும் குளவியும் அதனைப் பிடித்துவிடும். தோட்டம் போட்டதும் இந்நிலை தலைகீழாக மாறிவிடுகிறது. கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே செடி நின்றால், அச்செடியை உண்ணத் தெரிந்த பூச்சிக்கு அது முடிவில்லாத விருந்தன்றோ?

இலங்கை மலைநாடு இதற்கு விலை கொடுத்த வரலாறு யாவரும் அறிந்ததே. காடழித்து நட்ட கோப்பி, 1870களில் சுமார் 275,000 ஏக்கரில் பரவி நின்றது. 1869ஆம் ஆண்டில் மடுல்சீமைப் பகுதியில் இலைத்துரு நோய் காணப்பட்டது. அது பூச்சியன்று, பூஞ்சணம். ஆயினும் ஒரே பயிராகத் தொடர்ந்து நின்ற கோப்பி இருபது ஆண்டுகளுக்குள் அதற்கு இரையாயிற்று. நற்காலமாக, 1867ஆம் ஆண்டிலேயே லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலையை நட்டிருந்தார். கோப்பி வீழ்ந்த மலைகளில் தேயிலை எழுந்தது. தென்னகத்திலிருந்து வந்து கோப்பித் தோட்டங்களை உருவாக்கிய தொழிலாளரே தேயிலை மலைகளையும் தம் வியர்வையால் வளர்த்தனர்.

செடி மாறியது, பூச்சிகள் என்ன செய்தன? கோப்பியின் பகைவர்களைப் பற்றி நீட்னர் என்னும் ஜெர்மானியர் 1861ஆம் ஆண்டில் ஒரு நூல் எழுதினார். அவர் விவரித்த பூச்சிகளுள் ஒன்றுக்குக் கோப்பியின் பெயரையே சூட்டினார்: ஹொமோனா கொஃபியாரியா என்பது அப்பெயர். கோப்பி மறைந்தபோது அது மறையவில்லை, தேயிலைக்குக் குடிபெயர்ந்தது. கோப்பியின் பெயரைச் சுமந்துகொண்டே தேயிலையைத் தின்னும் அப்பூச்சியைத்தான் தோட்டங்களில் டோர்ட்ரிக்ஸ் என்கிறோம். தாய் அந்துப்பூச்சி முற்றிய இலையின்மேல் மீன் செதில் அடுக்கியதுபோல முட்டைகளைத் திரளாக இடும். பொரித்த புழுக்கள் மெல்லிய பட்டிழையில் தொங்கிக் காற்றில் மிதந்து வேறு செடிகளைச் சேரும். அங்கே கொழுந்து இலைகளை இழையினால் பிணைத்துக் கூடு கட்டி, உள்ளிருந்தபடியே தின்று தீர்க்கும்.

ஜாவாவிலிருந்து வந்த துணை

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இப்புழு தேயிலைக்குப் பெருந்தொல்லையாக விளங்கியது. முட்டைத் திரள்களை இலையோடு கையால் பறித்து அழிப்பதே அன்று தெரிந்த வழி. அரும்பாடுபட்டும் புழு குறையவில்லை. அப்பொழுதுதான் விஞ்ஞானிகள் வேறு திசையில் சிந்தித்தனர். இப்புழுவின் இயற்கைப் பகைவர் வேற்று நாட்டில் யாரேனும் உளரோ என்று தேடி, ஜாவாவில் ஒரு குளவியைக் கண்டனர். மக்ரோசென்ட்ரஸ் ஹொமோனே என்பது அதன் பெயர். 1935, 1936ஆம் ஆண்டுகளில் அதனை இலங்கைக்குக் கொணர்ந்து தோட்டங்களில் விடுத்தனர்.

இக்குளவியின் வாழ்க்கை வியப்புக்குரியது. பெண் குளவி புழுவின் உடலில் முட்டையைச் செலுத்துகிறது. அம்முட்டை ஒரு குளவியாக வளராமல், உள்ளேயே பலவாகப் பிரிந்து பல குஞ்சுகளாகிறது. அவை புழுவின் உடலையே உணவாகக் கொண்டு வளர்ந்து, பின்னர் வெளிவருகின்றன. ஒரு புழு மடிய, குளவிகள் பல பிறக்கின்றன. தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் அமைந்த தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் அறிஞர் காட் என்பார், இப்பெருக்கத்தை ஆராய்ந்து 1946ஆம் ஆண்டில் எழுதினார். குளவி வந்த சில ஆண்டுகளுக்குள் டோர்ட்ரிக்ஸ் பெருந்தொல்லை என்ற நிலையிலிருந்து இறங்கிற்று. மருந்தில்லை, சம்பளமில்லை, ஓய்வு நாளுமில்லை. மலை முழுவதும் அச்சிறு குளவிகள் காவல் புரிந்தன.

மருந்து தந்த பாடம்

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தேயிலைக்கு மற்றொரு பகைவனும் உண்டு. தாழ்நாட்டிலும் நடுநாட்டிலும் மிகுதியாகக் காணப்படும் வண்டு அது. பெண் வண்டின் நீளம் ஏறத்தாழ 2 மில்லிமீற்றர். பென்சில் பருமனுள்ள வாதுகளில் குண்டு துளைத்ததுபோல் ஓட்டையிட்டு உட்புகும். உள்ளே அது மரத்தை உண்பதில்லை. தன் உடலில் ஒரு சிறு பையிலே கொணர்ந்த பூஞ்சண வித்தைச் சுரங்கத்தின் சுவரில் விதைத்துப் பயிர் செய்கிறது! தாயும் குஞ்சுகளும் அப்பயிரை உண்டே வாழ்கின்றன. மனிதன் தேயிலைத் தோட்டம் போட, வண்டோ தேயிலைக்குள்ளே தன் தோட்டத்தைப் போடுகிறது. துளைபட்ட வாது பறிப்போர் உடல் பட்டாலே ஒடிந்து விழும். முறிந்த இடத்தில் உளுப்பு ஏறும்.

இவ்வண்டை ஒழிக்க 1950களின் பிற்பகுதியில் டீல்ட்ரின் என்னும் மருந்து கையாளப்பட்டது. நீண்ட காலம் அழியாமல் நிற்கும் நஞ்சு அது. வண்டு குறைந்தது. ஆனால் எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. அடங்கிக் கிடந்த டோர்ட்ரிக்ஸ் மீண்டும் தலைதூக்கித் தோட்டங்களைத் தாக்கியது. காரணம் யாதெனில், இலைக்கூட்டுக்குள் ஒளிந்திருந்த புழுவை மருந்து பெரிதும் தீண்டவில்லை. புழுவைத் தேடி இலையிலையாக நடந்த குளவியையே அது கொன்றது. சுள்ளி போல் விறைத்து நிற்கும் வேறொரு கம்பளிப்புழு திடீரெனப் பெருகியதற்கும் இத்தகைய காரணமே உண்டென்று தந்தநாராயண, கதிரவேற்பிள்ளை என்னும் ஆய்வாளர் இருவர் 1969ஆம் ஆண்டில் விளக்கினர். ஒரு பகைவனை அடிக்க ஓங்கிய கோல் நம் காவற்காரன் தலையிலே விழுந்தது என்பதே இதன் சாரம்.

பூச்சிமருந்தின் தீமைகளை உலகுக்கு உணர்த்திய ரேச்சல் கார்சன் அம்மையாரின் 'மௌன வசந்தம்' 1962ஆம் ஆண்டில் வெளிவந்தது. அந்நூல் பேசப்பட்ட அதே காலத்தில் நம் மலைகள் அதே பாடத்தைக் கற்றுக்கொண்டிருந்தன. டீல்ட்ரின் பின்னர் கைவிடப்பட்டது. 2001ஆம் ஆண்டின் ஸ்டொக்ஹோம் உடன்படிக்கையில் உலகம் விலக்க வேண்டிய முதற் பன்னிரண்டு பொருள்களுள் ஒன்றாக அது சேர்க்கப்பட்டது. மருந்து தெளித்த தொழிலாளரும் அந்நஞ்சை மூச்சிலும் தோலிலும் ஏற்றவர்களே என்பதை இங்கே மறத்தலாகாது.

மாறிவரும் காலநிலை

இன்று மற்றொரு மாற்றம் மெல்ல வந்துகொண்டிருக்கிறது. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து இலட்சத்தில் 280 பங்காக இருந்த கரியமிலவாயு, இப்போது 420 பங்கைத் தாண்டிவிட்டது. பூமி வெப்பமடைகிறது. பூச்சிக்குத் தன் உடலில் வெப்பத்தைக் காக்கும் ஆற்றல் இல்லை. சுற்றுப்புறம் சூடாக இருந்தால் விரைவாக வளரும், குளிர்ந்தால் தாமதிக்கும். வெப்பம் அளவோடு கூடினால், ஓராண்டில் ஐந்து தலைமுறை காணும் பூச்சி ஆறு தலைமுறை காணலாம்.

அதுவன்றி, கரியமிலவாயு மிகும்போது பல செடிகளின் இலைகளில் மாப்பொருள் கூடி, நைதரசன் குறைவதை ஆய்வுகள் காட்டுகின்றன. சத்துக் குறைந்த சோற்றை உண்பவன் பசி தீர இன்னும் ஒரு பிடி கேட்பதுபோல், புழுவும் முன்னிலும் அதிகமாக இலையைத் தின்னத் தலைப்படும்.

காலக்கணக்கும் பிசகலாம். ஒல்லாந்து நாட்டில் ஓக் மரம் துளிர்க்கும் நாளும், அதனை உண்ணும் ஓர் அந்துப்பூச்சியின் முட்டை பொரிக்கும் நாளும் பொருந்தி வருவது வழக்கம். இளவேனில் வெப்பமானபோது மரம் துளிர்க்குமுன்பே புழுக்கள் பொரித்துவிட்டதை 2001ஆம் ஆண்டில் ஆய்வாளர் எடுத்துக்காட்டினர். அங்கே பட்டினி புழுவுக்கு நேர்ந்தது. கனடாவிலோ நிலைமை வேறு. கடுங்குளிர் கொன்றுவந்த பைன் மர வண்டுகள், பனிக்காலம் மென்மையானதும் பிழைத்துப் பெருகின. 1990கள் முதலாகக் கோடிக்கணக்கான மரங்கள் அவற்றால் பட்டுப்போயின. எந்த மாற்றம் யாருக்குச் சாதகமாகும் என்பது இடத்தையும் இனத்தையும் பொறுத்தது.

நம் மலைநாட்டுக்கு இதில் என்ன? 6,000 அடிக்கு மேற்பட்ட கந்தப்பளைக்குக் குளிரே வேலியாக இருந்து வந்திருக்கிறது. கீழே நடுநாட்டில் செழிக்கும் துளைக்கும் வண்டு உயர்ந்த தோட்டங்களில் அரிதாக இருப்பதற்கு அவ்வேலி ஒரு காரணம். வெப்பம் ஏற ஏற வேலி மேல்நோக்கி நகரும். மழை தவறிய நெடுங்கோடையில் வாடிய செடிக்குத் தன் ஆயுதங்களைச் செய்துகொள்ளும் வலிமையும் குறையும்.

பூச்சி மலையேறுவதோடு கடலும் தாண்டுகிறது. நம் தேயிலை வண்டின் நெருங்கிய உறவினமான வண்டு ஒன்று இஸ்ரேலுக்கும் அமெரிக்காவின் கலிபோர்னியாவுக்கும் சென்று, அங்கே ஆனைக்கொய்யா மரங்களைத் தாக்கியது. 2017ஆம் ஆண்டில் தென்னாபிரிக்காவில் கண்டறியப்பட்டு, அந்நாட்டு நகரங்களின் நிழல் மரங்களை வாட்டுகிறது. அதேபோல் தென்னமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இலைத்துளைப்பான் ஈ 1990களில் ஆசியாவெங்கும் பரவி, நுவரெலியா மாவட்டத்து உருளைக்கிழங்குப் பாத்திகளையும் வந்தடைந்தது. அதன் புழு இலையின் இரு தோல்களுக்கும் இடையே வெள்ளைக் கோடுகளாகச் சுரங்கம் தோண்டும். மருந்தை மேன்மேலும் தெளித்தால் இலைக்குள் இருக்கும் புழு தப்பிவிட, வெளியே திரியும் குளவிகளே மடிகின்றன. டீல்ட்ரின் கதை வேறு வேடத்தில் மீண்டும் வந்தது போலன்றோ இருக்கிறது?

நாம் செய்யத்தக்கவை

அங்ஙனமாயின் மருந்தை முற்றிலும் ஒரே நாளில் நிறுத்திவிடலாமா என்று சிலர் வினவக்கூடும். 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் செயற்கை உரங்களும் மருந்துகளும் நாட்டுக்குள் வருவது திடீரெனத் தடுக்கப்பட்டது. நவம்பரில் அத்தடை கைவிடப்பட்டது. 2021இல் ஏறத்தாழ 29.9 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி, 2022இல் ஏறத்தாழ 25.1 கோடி கிலோவாகச் சரிந்தது. உரத் தட்டுப்பாடே அதற்குப் பெருங்காரணம். கொழுந்து குறைந்தால் முதலில் குறைவது பறிப்போரின் நாட்கூலியே. பல்லாண்டு பழகிய முறையை மாற்றுவதற்கும் பருவமும் பொறுமையும் வேண்டும்.

நடுவழி ஒன்று உண்டு. பூச்சி தோன்றியதும் மருந்துக்கு ஓடாமல், எவ்வளவு சேதம் என்று எண்ணிப் பார்த்து, எல்லை மீறினால் மட்டும் மருந்தை நாடுவது. குளவிக்குத் தீங்கு குறைந்த மருந்தைத் தேர்வது. கவ்வாத்துக் காலத்தை வண்டின் பெருக்கத்தோடு பொருத்தி அமைப்பது. ஒரே தாய்ச்செடியின் தண்டுகளிலிருந்து வந்த வி.பி. தேயிலையை மலை முழுவதும் நடாமல் பல வகைகளைக் கலந்து நடுவது. நிழல் மரங்களையும் ஓடையோரக் காடுகளையும் காப்பது. தோட்டத்தில் சவுக்கு என்று அழைக்கப்படும் மரமும், ஓடைக்கரைப் புதரும் வெறும் இடத்தை அடைப்பன அல்ல. அவை குளவிக்கும் சிலந்திக்கும் குருவிக்கும் வீடாகும்.

இவ்வழியில் முதற்கண் வேண்டுவது கூர்ந்து பார்க்கும் கண்ணே. ஆராய்ச்சி நிலையத்து நிபுணர் மாதம் ஒருமுறை மலைக்கு வரக்கூடும். கொழுந்து பறிக்கும் அம்மையார் வாரந்தோறும் ஒவ்வொரு செடியையும் தொடுகிறார். எந்த மூலையில் இலை பிணைந்திருக்கிறது, எந்த வாது தொட்டதும் ஒடிகிறது என்பதை முதலில் அறிபவர் அவரே. அவர் கூறுவதைக் கேட்டுப் பதிவு செய்யும் வழக்கம் தோட்டங்களில் வேரூன்றுமானால், அது விலையின்றிக் கிடைக்கும் விஞ்ஞானமாகும்.

மாணவர்களுக்கும் இதில் பங்குண்டு. பிணைந்த தேயிலை இலை ஒன்றைப் புழுவோடு கொணர்ந்து, கண்ணாடிப் போத்தலில் இட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டி வையுங்கள். நாள்தோறும் புத்திலை கொடுத்து வாருங்கள். சில வாரங்களில் அந்துப்பூச்சி வெளிவந்தால் புழு வென்றது என்று குறித்துக்கொள்ளுங்கள். சிறு குளவிகள் கூட்டமாக வெளிவந்தால், உங்கள் மலையில் காவலர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள் என்று அறியலாம். பத்துப் போத்தல்களில் எத்தனையில் குளவி வந்தது என்று ஆண்டுதோறும் எழுதி வைத்தால், அக்குறிப்பேடு வருங்காலத்தில் உங்கள் தோட்டத்துக்கே பெரும்பயன் தரும்.